ஆடு மேய்ந்த லோரி

பார்ப்போம்காரர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாததில்லை. உங்கள் தெருவில் இரண்டு பேராவது இருப்பார்கள், உங்கள் வீட்டில் ஒருவர் நிச்சயம். பார்வைக்கு நம்மைப் போலத்தான்: இரண்டு கை, இரண்டு கால், ஒரு வயிறு. மனசு மட்டும் இரண்டு. குடை எடுத்துக்கொண்டு போகலாமா வேண்டாமா என்று வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டு, எதிர்வீட்டுக்காரரைக் கேட்டு, கேட்டு முடிப்பதற்குள் மழை பெய்து ஓய்ந்துபோய், "பார்த்தீங்களா, குடை தேவைப்படலை" என்று உள்ளே திரும்பிப் போகிறாரே, அவர்தான். பெண் பார்க்கப் போன வீட்டில் கேசரியைத் தின்றுவிட்டு "பார்ப்போம்" என்று சொல்லி வந்து, அந்தப் பெண்ணின் பிள்ளைக்குக் காதுகுத்து என்று அழைப்பு வரும்போது, "நல்ல இடம்ப்பா, முடிச்சிருக்கலாம்" என்று வருத்தப்படுகிறவரும் அவர்தான்.

இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிடாதீர்கள். பாவம், அது அபாண்டம். சோம்பேறி ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பான். பார்ப்போம்காரருக்கு உட்கார நேரம் ஏது? ஒரு முடிவை எடுக்காமல் இருக்க அவர் படுகிற பாட்டில் பாதியைப் பட்டால் நாமெல்லாம் இரண்டு மாடி வீடு கட்டிவிடுவோம்.

இந்த இனத்தில் நான் கண்டவர்களுக்குள் தலைவர் கலியாணசுந்தரம். மலாக்காவில் காஜா பேராங்கில் இருந்தார். சொந்தமாக ஒரு லோரி, அவரே டிரைவர். நான் அந்த லோரிக்குப் பதினொரு வருஷம் கெலிண்டான். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சாமான் ஏற்றி இறக்கி, மேட்டில் நின்றால் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, எல்லாவற்றுக்கும் திட்டு வாங்குகிறவனுக்கு எங்கள் ஊரில் கெலிண்டான் என்று பேர். என் பேர் நல்லையா. ஆகவே நான் சொல்வது கேள்விப்பட்ட கதையல்ல, கழுத்துவரை நின்று பார்த்த கதை.

முதலில் லோரியைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பான் சண்டைக்கு முன்னால் பண்டார் ஹிலிர் கடற்கரையிலிருந்து மீனும் ஐஸும் பெலாச்சான் என்கிற இறால் விழுதும் ஏற்றிக்கொண்டு ஆயர் குரோ பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் போய்வந்த வண்டி. பத்து வருஷம் உப்புத்தண்ணீர் குடித்தால் இரும்பு என்ன ஆகும்? மட்கார்டு துரு, கதவின் அடி துரு, பின்பக்கப் பலகையைத் தாங்குகிற சட்டம் துரு. என் காலடியில் ஒரு தாம்பாளம் அளவுக்கு ஓட்டை. புக்கிட் ரம்பாய் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள நான் வெளியே எட்டிப்பார்ப்பதில்லை, கீழே குனிந்து பார்ப்பேன். ஜப்பான்காரன் வந்து பெட்ரோல் இல்லாமல் போனபிறகு லோரியின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு, அந்தப் புகையில் ஓட்டினோம். காலையில் அரைமணி நேரம் விசிறினால்தான் எஞ்சின் கண்ணைத் திறக்கும். விசிறுகிறவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தத் துருவை ஒட்டுப்போட்டுச் சரிசெய்வதா, லோரியையே மாற்றிவிடுவதா என்கிற கேள்வி முப்பத்தெட்டாம் வருஷம் எழுந்தது. ஐந்து வருஷமாகக் கலியாணசுந்தரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். துருவும் சும்மா இருக்கவில்லை, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாற்பத்து மூன்றில், ஜப்பான்காரன் கணக்கில் 2603-இல், சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். பத்தாம் நாள் காலையில் ஊரில் உள்ள லோரிகள் எல்லாம் பண்டார் ஹிலிர் திடலில் வந்து வரிசையாக நிற்க வேண்டும். சோதித்துப் பார்ப்பார்கள். தேறிய லோரி ஊருக்கு விறகும் மரவள்ளிக்கிழங்கும் ஏற்றும். அதன் டிரைவருக்கு ஒரு வேலைச்சீட்டு, கெலிண்டானுக்கு ஒரு வேலைச்சீட்டு. தேறாத லோரி பழைய இரும்புக்குப் போகும். சீட்டில்லாத ஆள் சயாமுக்குப் போவான், ரயில் ரோடு போட.

சயாமுக்குப் போனவர்களைப் பற்றி எங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: போனார்கள். அதற்கு மேல் ஒரு தகவலும் கிடையாது. என் மனைவி பூங்காவனத்துக்கு அப்போது ஏழு மாதம். நோட்டீஸை நான் ஒரு தடவை படித்தேன். கலியாணசுந்தரம் இரண்டு தடவை படித்தார். பிறகு தாடையைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பத்து நாள் இருக்குல்ல, நல்லையா?"

"இருக்குண்ணே."

"அப்ப என்னா அவசரம்? நிதானமாப் பார்ப்போம்."

முதல் நாள் பட்டறைக்குப் போனோம். கருணாகரன் தகரவேலையில் கெட்டிக்காரன், பேச்சு குறைவு. லோரியைச் சுற்றி வந்து சுத்தியலால் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினான். சுத்தியலைக் காணோம்.

"எங்கப்பா சுத்தியல்?" என்றார் கலியாணசுந்தரம்.

"உள்ள போயிடுச்சுண்ணே."

கையை விட்டு அதை எடுத்த பிறகு கருணாகரன் சொன்னான்: "நாலு நாள் குடுங்க. பழைய பாய்லர் தகடு ஒண்ணு எங்கிட்ட கெடக்கு. துருவெல்லாம் வெட்டி எறிஞ்சிட்டு, தகடு வச்சு ஆணி அடிச்சுத் தரேன். இன்னும் அஞ்சு வருஷம் ஓடும்."

"அஞ்சு வருஷம் ஓடுமா?"

"ஓடும்ணே."

"அதுக்கப்புறம்?"

கருணாகரன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான். ஊரில் பத்து நாளைக்கு அப்புறம் யார் இருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. இவர் ஐந்து வருஷத்துக்கு அப்புறம் மட்கார்டு என்ன ஆகும் என்று கவலைப்படுகிறார்.

இரண்டாம் நாள் புக்கிட் ரம்பாய். அங்கே சோலையப்ப செட்டியாரின் ரப்பர் பால் எடுக்கிற கித்தாத் தோட்டத்தில், அத்தாப்பு ஓலைக் கொட்டகைக்குள் ஒரு லோரி மறைந்து நின்றது. ஓட்ட ஆளில்லை. வைத்திருப்பதே பயம் என்று செட்டியார் அதைத் தள்ளிவிடப் பார்த்தார்.

"வீட்டுல ஆச்சி தையல் மிஷின் வேணும்னு நச்சரிக்குது. புதுத்துணிதான் கண்ணுல இல்ல, கிழிஞ்சதையாவது தைக்கணும்ல?" என்றார். "உங்க வீட்டு மிஷினைக் கொண்டாந்து இறக்குங்க, இதை ஓட்டிட்டுப் போங்க. உங்க பழசை என்னமோ பண்ணிக்கிருங்க."

எனக்கு அந்த லோரியைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கலியாணசுந்தரம் அதன் அடியில் படுத்தார். கதவுக்குள் கையை விட்டார். மட்கார்டை முகர்ந்தார். ஒருமணி நேரம் தேடியும் ஒரு பொட்டுத் துரு அகப்படவில்லை. மனுஷனுக்கு முகமே செத்துப்போயிற்று. என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய்க் காதோடு சொன்னார்:

"துருவே இல்லையே, நல்லையா."

"நல்லதுதானேண்ணே?"

"நம்ம லோரியில துரு எங்க இருக்குன்னு நமக்குத் தெரியும். இதுல எங்க ஒளிஞ்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? நீங்கள்தான் சொல்லுங்களேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். சாரதாம்பாள் அக்கா அந்த மிஷினில் அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுத்து, பதிலுக்குக் கிழங்கும் கீரையும் வாங்கி, அந்த வீட்டில் அடுப்பெரிய வைத்துக்கொண்டிருந்தவர். அழப்போகிறார், சண்டை போடப்போகிறார் என்று கலியாணசுந்தரம் அதற்கான பதில்களோடு தயாராகப் போனார்.

"எடுத்துட்டுப் போங்க" என்றார் அக்கா. "இன்னைக்கே போங்க. ஆளு இருந்தா மிஷின் இன்னொண்ணு வாங்கிக்கலாம்."

அவ்வளவுதான். சண்டை இல்லை, கண்ணீர் இல்லை. அவர் ஆடிப்போய் வெளியே வந்தார். "இவ்வளவு சட்டுனு சரிங்கிறாளே, இதுல என்னமோ இருக்குடா" என்றார். பார்ப்போம்காரர்களின் பெரிய சங்கடம் இதுதான். எதிர்த்துப் பேசினால் தயங்கலாம். சரி என்று சொல்லிவிட்டால் எதை வைத்துக்கொண்டு தயங்குவது?

மூன்று, நான்கு, ஐந்தாம் நாட்கள் கருத்துக் கேட்பதில் போயின. பாசாரில் மீன்காரரைக் கேட்டார், முடிவெட்டுகிறவரைக் கேட்டார், சைக்கிள் கடைச் சீனரைக் கேட்டார். லோரியில் கால்வைத்தே அறியாத ஒரு வைத்தியரைக் கேட்டார். 'மாற்று' என்று நாலு பேர் சொன்னால், 'சரிசெய்' என்று சொல்ல இன்னும் நாலு பேரைத் தேடிப் பிடித்துச் சமமாக்கிவிட்டுத்தான் சாப்பிடவே உட்காருவார். பக்கத்து வீட்டு மாணிக்கவாசகம், பல தலைமுறைக்கு முன்னே இங்கே வந்து கலந்த மலாக்காச் சிட்டி வம்சம்; பெயரில் பழுத்த தமிழ், வாயில் முழுக்க மலாய். அவர் தன் வாசலைப் பெருக்கிக்கொண்டே, "துக்கார் சஜா லா, சுந்தரம்" என்றார். பேசாமல் மாற்றிவிடு என்று அர்த்தம்.

"மூணே வார்த்தையில சொல்லிட்டாரு" என்று எங்கள் ஆள் முகத்தைச் சுளித்தார். "யோசிச்சுச் சொல்ற மனுஷன் இவ்வளவு சுருக்கமாவா சொல்வான்?"

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? சிரித்தேன். உண்மையைத்தான் சொல்கிறேன். ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து, அவர் நடக்கிற மாதிரி நடந்து, தாடையைத் தடவுகிற மாதிரி தடவி, "பார்ப்போம்" என்று இழுத்துக் காட்டுவேன். பூங்காவனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சிரித்து முடித்துவிட்டு, "இன்னும் எத்தனை நாள் இருக்கு?" என்று கேட்பாள். அப்போது இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுவிடும்.

ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. மனிதர்கள் தீர்ந்துபோனபடியால் கடவுளைக் கேட்பது என்று முடிவாயிற்று. அவர் எடுத்த ஒரே முடிவு அது. துக்காங் எமாஸ் தெருவில் பொய்யாத விநாயகர் கோவில். பூக்கட்டிப் பார்ப்பது உங்களுக்குத் தெரியும்தானே? ஒரு வெற்றிலையில் சிவப்புப் பூ, ஒரு வெற்றிலையில் வெள்ளைப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துக் கட்டிச் சாமி காலடியில் போட்டு, ஒன்றும் தெரியாத ஒருவரை விட்டு எடுக்கச் சொல்வது. சிவப்பு என்றால் துருவைச் சரிசெய்வது, வெள்ளை என்றால் லோரியை மாற்றுவது. கும்பிட வந்திருந்த ஓர் அம்மாள் எடுத்தார். வெள்ளை.

"ஆச்சுண்ணே!" என்று நான் துள்ளினேன்.

"இருடா. அந்தம்மா இடது கையால எடுத்துச்சோ?"

"வலது கைதாங்க" என்றார் அந்த அம்மாள் கோபமாக.

"எதுக்கும் இன்னொரு தடவை."

மறுபடி போட்டார்கள். இந்தத் தடவை சிவப்பு. கலியாணசுந்தரத்தின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பார்த்தியா, சாமிக்கே குழப்பம்" என்றார். பொய்யாத பிள்ளையார் என்று பெயர் வாங்கி எத்தனையோ காலமாக உட்கார்ந்திருக்கிற சாமியை இரண்டே நிமிஷத்தில் தன் கட்சியில் சேர்த்துவிட்டார். சரி, மூன்றாவது தடவை போட்டால் தீர்ந்துவிடும் என்று நான் நினைத்தேன். அவர் மூன்றாவது தடவைக்கு மூன்றாவதாக ஒரு பொட்டலம் கட்டினார். அதற்குள் பூ இல்லை, ஒரு துளசி இலை.

"அது என்னண்ணே?"

"அது வந்தா, கொஞ்சம் பொறுக்கணும்னு அர்த்தம்."

எது வந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா? குருக்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து இரண்டு கை விபூதி கொடுத்தார்.

எட்டாம் நாள் காலையில் சாரதாம்பாள் அக்காவே ஆள் வைத்துத் தையல் மிஷினைத் தூக்கி லோரியில் ஏற்றினார். பழைய சேலையைச் சுற்றி, சக்கரத்துக்கு ஒரு குங்குமப்பொட்டும் வைத்திருந்தார். "போய் மாத்திக்கிட்டு வாங்க. கேள்வி கேக்காதீங்க" என்று படலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கலியாணசுந்தரம், "எதுக்கும் வண்டியில இருக்கட்டும். அங்க போய்ப் பார்த்துக்கலாம்" என்று வண்டியை எடுத்தார்.

காஜா பேராங் முனை திரும்பவில்லை, பின்னால் 'மளுக்' என்று ஒரு சத்தம். நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். பலகை உடைந்து தொங்கியது. அதைத் தாங்கிய சட்டம் உதிர்ந்து செம்மண் மாதிரி ரோட்டில் கிடந்தது. இருபது கஜம் பின்னால் தையல் மிஷின் நடுரோட்டில் குப்புறக் கிடந்தது. சக்கரம் இரண்டு துண்டு.

அக்கா நடந்து வந்தார். துண்டுகளைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டார். அவர் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"இப்ப முடிவாயிடுச்சுல்ல?" என்றார். "மாத்தறது இல்லைன்னு ஆச்சு. நல்லது. நேரா கருணாகரன் பட்டறையில கொண்டுபோய் விடுங்க."

கலியாணசுந்தரம் உடைந்த மிஷினின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மீதிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"அது சரி, சாரதா... இந்த மிஷினை ரிப்பேர் பண்றதா, இல்ல வேற வாங்கறதா?"

அக்கா முந்தானையை முடிந்துகொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த நிமிஷம் எனக்கு அவரை அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது, சிரிப்பும் வந்தது.

பட்டறையில் கருணாகரன் விரல்விட்டு எண்ணினான். "ரெண்டு நாள்தான் இருக்கு. முழுசா முடியாதுண்ணே. சட்டத்தையும் அடிப்பக்கத்தையும் மட்டும் பலமாப் பண்ணித் தரேன். மட்கார்டு ஓட்டையோட இருக்கட்டும். சரின்னு சொல்லுங்க, இப்பவே கழட்டறேன்."

"பாதி வேலையா?" என்றார் கலியாணசுந்தரம். "ஒரு ராத்திரி யோசிச்சுட்டு வரேனே."

ஒன்பதாம் நாள் காலையில் யோசித்துவிட்டுப் போனோம். பாய்லர் தகடு, முந்தின சாயங்காலம் வந்த ஓர் ஐஸ்காரரின் லோரி வயிற்றில் ஆணியடித்துக் கிடந்தது. கருணாகரன் தலையைச் சொறிந்தான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது, அந்த ஆள் வந்தவுடன் சரி என்று சொல்லியிருக்கிறார்.

இனி வருவதற்கு நான்தான் பொறுப்பு. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பசை யோசனை என்னுடையது. என் வீட்டிலும் அவர் வீட்டிலும் இருந்த மரவள்ளி மாவு முழுவதையும் கொட்டிக் கெட்டியாகப் பசை காய்ச்சினோம். அன்றைக்கு இரண்டு வீட்டிலும் கஞ்சி இல்லை. கோணிச் சாக்கைக் கிழித்துப் பசையில் தோய்த்து ஓட்டை ஓட்டையாக ஒட்டி, வெயிலில் காயவிட்டு, மேலே செம்மண்ணும் அடுப்புக்கரியும் குழைத்துப் பூசினோம். சாயங்காலம் பார்த்தால், சத்தியமாகச் சொல்கிறேன், புது லோரி! மட்கார்டு மொழுமொழு என்று இருந்தது. கலியாணசுந்தரம் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். பத்து நாளில் அவர் முகம் மலர்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

"நல்லையா, இது ரிப்பேரும் இல்ல, மாத்தினதும் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல இப்படி ஒரு வழி இருந்திருக்கு பாரு. இதைத்தான்டா நான் அஞ்சு வருஷமாத் தேடிக்கிட்டு இருந்தேன்."

பத்தாம் நாள். பண்டார் ஹிலிர் திடலில் பதினான்கு லோரிகள். எங்களுடையது ஒன்பதாவது. ஓர் அதிகாரி பூட்ஸும் வாளுமாக வந்தார், பின்னாலேயே மொழிபெயர்க்க ஒரு கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. எல்லோரும் இடுப்பை வளைத்துக் கும்பிட்டோம். அதிகாரி முதல் லோரியின் டயரை உதைத்தார், கதவைத் திறந்து மூடினார், அடுத்ததற்குப் போனார். உள்ளே குனிந்து பார்க்கவே இல்லை. எனக்கு உயிர் வந்தது. தேறிவிடுவோம் போலிருக்கிறதே!

அப்போதுதான் கடல் பக்கத்திலிருந்து ஓர் ஆடு வந்தது.

வெள்ளாடு. எலும்பை எண்ணலாம். ஊரே பட்டினி கிடந்த காலத்தில் ஆட்டுக்கு மட்டும் விருந்தா? எப்படியோ யார் சட்டிக்கும் தப்பி உயிரோடு இருந்தது. பதின்மூன்று லோரிகளை விட்டுவிட்டு நேராக எங்கள் லோரிக்கு வந்து, பின்பக்கத்து மட்கார்டை ஒரு நக்கு நக்கியது. தலையைச் சாய்த்து ருசி பார்த்தது. பிறகு கடித்தது.

சரக், சரக் என்று சத்தம். நான் பதறிப்போனேன். கலியாணசுந்தரம் குனிந்த தலையை நிமிர்த்தாமலே முணுமுணுத்தார்:

"நல்லையா, விரட்டலாமா, வேணாமா?"

"விரட்டுங்கண்ணே!"

"விரட்டினா அவன் இந்தப் பக்கம் திரும்புவான். விரட்டலைன்னா இது நிறுத்தாது. ரெண்டையும் பார்க்கணும்ல?"

இரண்டையும் அவர் பார்த்துக்கொண்டிருக்கையில் ஆடு மட்கார்டை முடித்துவிட்டுக் கதவுக்கு வந்தது. எங்கிருந்தோ இன்னும் இரண்டு ஆடுகள் ஓடிவந்தன. அதிகாரி எட்டாவது லோரியை முடித்துவிட்டுத் திரும்பினார். எதிரே ஒரு லோரியை மூன்று ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பெரிய ஆடு வாயில் கோணித்துண்டோடு தலையைத் தூக்கி அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு, மறுபடியும் கதவைத் தின்றது.

அதிகாரியின் மீசை துடித்தது. தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்து கலியாணசுந்தரத்தின் கன்னத்தில் இரண்டு அறை விட்டார். எனக்கு ஒன்று. அறைந்துவிட்டு ஆட்டைப் பார்த்து மறுபடி சிரித்தார். பிறகு கிராணியிடம் என்னவோ சொன்னார்.

கிராணி எங்களிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "லோரி பழைய இரும்புக்கு. முறைப்படி ரெண்டு பேருமே சயாமுக்குப் போகணும். ஆனா ஐயா இன்னைக்கு ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சிருக்காரு. அதனால ஒருத்தர் இருக்கலாம், ஐஸ் லோரிக்குக் கெலிண்டான் வேணும். ஒருத்தர் போகணும். யார் இருக்கறது, யார் போறது? முதலாளி நீங்கதானே, சொல்லுங்க. இப்பவே சொல்லணும்."

முடிந்தது என்று நினைத்தேன். ஒரு குடைக்கு ஏழு வீடு ஏறி இறங்குகிற மனுஷனிடம் இந்தக் கேள்வி! இவர் தாடையைத் தடவப்போகிறார், 'பார்ப்போம்' என்று சொல்லப்போகிறார், அந்த அதிகாரி சிரிப்பை நிறுத்திவிட்டு வாளை உருவப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நல்லையா இருக்கட்டும்" என்றார் கலியாணசுந்தரம். "நான் போறேன்."

கிராணி திறந்த வாயை இன்னும் மூடவில்லை. அவ்வளவு வேகம்.

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது என்ன? உங்களுக்கும் தெரியும், எனக்கும் அப்போதே தெரியும். "வேணாம்ணே, உங்களுக்கு வயசு நாப்பத்தெட்டு. நான் போறேன்" என்பதுதான். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ஆனால் யோசித்தேன். நான் போனால் பூங்காவனம் என்ன ஆவாள்? அவர் போனால் சாரதாம்பாள் அக்கா என்ன ஆவார்? அவருக்குப் பிள்ளை இல்லை, எனக்குப் பிள்ளை வரப்போகிறது. அவருக்கு ஆஸ்துமா உண்டு, எனக்கு இல்லை. நான் மறுத்துப் பேசி, இரண்டு பேரையுமே ஏற்றிவிட்டால்? இப்படி ஒரு பக்கம், அப்படி ஒரு பக்கம். தாடையில் கை வைத்திருந்தேன் என்று பிறகுதான் ஞாபகம் வந்தது. யோசித்து முடித்து நான் வாயைத் திறந்தபோது, அவர் ராணுவ லோரியில் ஏறி உட்கார்ந்தாயிற்று.

வண்டி கிளம்பும்போது அவர் என்னைப் பார்த்துக் கத்தினார்: "நல்லையா! அந்த மிஷினைக் கருணாகரன்கிட்ட காட்டு! ரிப்பேர் பண்ணலாமா, இல்ல வேற..." மீதி புகையில் போய்விட்டது. திடலில் நின்று நான் அழுதேன். ஆடுகள் நிதானமாக என் பக்கத்துக் கதவைத் தின்றுகொண்டிருந்தன.

பயப்படாதீர்கள், திரும்பி வந்தார். நாற்பத்தைந்தின் கடைசியில், பாதி உடம்போடு, மலேரியாவோடு, ஒரு செருப்போடு. என் மகளுக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. மிஷினை அந்த வாரமே சாரதாம்பாள் அக்கா கருணாகரனிடம் கொடுத்துச் சரிசெய்து, ஒருவரையும் கேட்காமல் தைக்க ஆரம்பித்துவிட்டிருந்தார். அன்றைக்கும் தைத்துக்கொண்டுதான் இருந்தார். படலைத் திறந்துகொண்டு வந்தவரைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"கஞ்சி குடிக்கிறீங்களா, காப்பி போடட்டுமா?"

அவர் தாடையைத் தடவினார்.

"பார்ப்போம்" என்றார்.

இரண்டரை வருஷம் அழாத அக்கா அப்போதுதான் அழுதார்.

உடம்பு தேறினபிறகு ஒருநாள் நான் கேட்டேன்: "அண்ணே, வாழ்க்கையில ஒரு முடிவும் எடுக்காத ஆளு நீங்க. அன்னைக்குத் திடல்ல மட்டும் எப்படிண்ணே அவ்வளவு சட்டுனு சொன்னீங்க?"

என்னை விநோதமாகப் பார்த்தார். "அதுல யோசிக்க என்னடா இருக்கு?" என்றார்.

ஆகவே, வாசகரே, கலியாணசுந்தரம் வகையைப் பார்த்தால் ஒதுங்கிப் போகாதீர்கள். அவர்கள் குடைக்குத்தான் யோசிப்பார்கள், மட்கார்டுக்குத்தான் பூக்கட்டுவார்கள். நீங்கள் பயப்பட வேண்டியது இன்னொரு வகைக்கு. அவன் உங்களையும் என்னையும் போல இருப்பான். காப்பியா கஞ்சியா என்றால் காப்பி என்று பட்டென்று சொல்வான். அடுத்தவர் தயங்குவதை அழகாக நடித்துக் காட்டி வீட்டைச் சிரிக்க வைப்பான். அந்தப் பத்து நாளில், மிஷின் உடைவதற்கு முன்னால் எந்த நாளிலும் அவன் அந்த மிஷினைத் தன் தோளில் தூக்கிக்கொண்டு புக்கிட் ரம்பாய்க்கு நடந்திருக்கலாம். கருணாகரனிடம், "அவர் கிடக்கார், நீ கழட்டு" என்று சொல்லியிருக்கலாம். முதலாளி அவர்தானே என்று சும்மா இருந்தான்.

அப்படிப்பட்டவனைக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒரே ஓர் அடையாளம்தான் எனக்குத் தெரியும். ஆடு மட்கார்டைக் கடித்த இடத்தில் நீங்கள் சிரித்தீர்களா? நானும்தான் அதற்கு முந்தின ஒன்பது நாளும் சிரித்துக்கொண்டிருந்தேன்.